தேசிய அணி அழைப்பும் பார்சிலோனாவின் காயக் கவலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லீக் ஆட்டங்கள் நின்று வீரர்கள் தத்தம் நாட்டு அணிக்குப் புறப்படும் நாட்களில், ஸ்பெயின் கால்பந்து கிளப்பான பார்சிலோனாவின் ரசிகர்களிடையே ஒரே மாதிரியான கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. யார் நொண்டிக்கொண்டு வருவார், யாரை எப்போது ஸ்கேன் செய்வார்கள், இழப்பீடு கிடைக்குமா என்று நண்பர்கள் கேட்பதும் நான் விளக்குவதும் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அவற்றை இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். நான் இந்த கிளப்பின் ரசிகன். என் சாய்வு சில இடங்களில் தெரியத்தான் செய்யும்.

சர்வதேச இடைவெளி என்பது என்ன? எத்தனை நாள்?

உலகக் கால்பந்துச் சம்மேளனமான பிஃபா ஆண்டு தொடங்கும் முன்பே சில நாட்களைத் தேசிய அணிகளுக்கு ஒதுக்கிவைக்கிறது. ஆண்கள் கால்பந்தில் 2025 வரை வழக்கமாக மார்ச், ஜூன், செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் இது வந்தது. திங்கட்கிழமை தொடங்கி அடுத்த வாரம் செவ்வாய் இரவு வரை ஒன்பது நாள், அதற்குள் இரண்டு ஆட்டம் என்பது பொதுவான கணக்கு. ஐரோப்பிய லீக் பருவம் ஆகஸ்ட் நடுவில் தொடங்குகிறது. ஆகவே 2025 வரை பருவத்தின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் மூன்று முறை அணி கலைந்து கூடியது. ஒரு பயிற்சியாளர் ஆட்டமுறையை ஊட்ட முயலும் நேரமே அதுதான்.

"பிஃபா வைரஸ்" என்கிறார்களே, அது ஏதாவது நோயா?

இல்லை. தேசிய அணிக்குப் போன வீரர் காயத்தோடு திரும்புவதை ஸ்பெயின் நாளேடுகள் பல ஆண்டுகளாக இப்படி அழைக்கின்றன. ஊரில் காய்ச்சல் பரவுவதைப் போல ஒவ்வொரு இடைவெளியிலும் யாராவது படுத்துவிடுவதால் வந்த பெயர்.

தன் வீரரை அனுப்ப முடியாது என்று கிளப் சொல்லலாமா?

பிஃபா ஒதுக்கிய நாட்களில் சொல்ல முடியாது. அனுப்புவது கடமை. அழைப்பை ஏற்பது வீரரின் கடமையும்கூட. காயம் என்று சொன்னால், அந்த நாட்டுச் சங்கம் தான் தேர்ந்தெடுக்கும் மருத்துவரிடம் வீரரைப் பரிசோதனைக்கு வரச்சொல்ல உரிமை உண்டு. பொய்யாகக் காயம் சொல்லி வீரரை மறைத்துவைப்பதைத் தடுக்க இன்னொரு விதியும் இருக்கிறது. அழைப்பு வந்தும் தேசிய அணிக்குப் போகாதவர் அந்த இடைவெளி முடிந்த பிறகும் ஐந்து நாள் கிளப்புக்கு ஆடக் கூடாது.

இந்த ஐந்து நாள் விதி 2025 மார்ச்சில் பார்சிலோனாவைச் சிக்கலில் இழுத்துவிட்டது. முழங்கால் வலி என்று ஸ்பெயின் முகாமிலிருந்து விலகிய தடுப்பாட்டக்காரர் இனிகோ மார்டினெஸ், இடைவெளி முடிந்த கையோடு மார்ச் 27 அன்று இன்னொரு ஸ்பெயின் கிளப்பான ஒசாசுனாவுக்கு எதிராகக் களமிறங்கினார். பார்சிலோனா 3-0 என வென்றது. தகுதியில்லாதவரை ஆடவைத்துவிட்டார்கள், புள்ளிகளை எங்களுக்குத் தர வேண்டும் என்று ஒசாசுனா புகார் கொடுத்தது. புகார் தள்ளுபடியானது. வீரரை அழைக்கும் உரிமை பெற்ற ஸ்பெயின் சங்கமே அவரை விடுவித்துவிட்ட பிறகு, கிளப் அவரை மறைத்துவைத்ததாகச் சொல்ல முடியாது என்பதே என் கருத்தும். ஆனால் ஒசாசுனா ரசிகராக இருந்திருந்தால் நானும் கொதித்திருப்பேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பார்சிலோனாவின் இளம் நடுக்கள வீரர் காவிக்கு அன்று என்னதான் நடந்தது?

2023 நவம்பர் 19. இந்தியாவில் இருந்தவர்களுக்கு அந்தத் தேதியை நினைவூட்டத் தேவையில்லை. அகமதாபாத்தில் உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்ற நாள் அது. வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மனம் மாறட்டும் என்று நான் ஸ்பெயின் ஆட்டத்தைப் போட்டேன். ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ 2024 கோப்பைத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம், வல்லாதோலித் நகரில், எதிரணி ஜார்ஜியா. ஸ்பெயின் ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டது. குழுவில் முதலிடம் ஸ்பெயினுக்கா ஸ்காட்லாந்துக்கா என்பது மட்டுமே பாக்கி.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. காவி வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தார். அடி வாங்கினால் உடனே எழுந்து அடுத்த பந்துக்கு ஓடுகிற பையன் அவர். அன்று எழவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதபடி வெளியே போனபோதே பெரிய காயம் என்று புரிந்துவிட்டது. முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் முழுவதுமாக அறுந்திருந்தது. மெனிஸ்கஸ் என்னும் குருத்தெலும்பிலும் சேதம். இரண்டாம் பாதியில் கோல் அடித்த ஃபெரான் டோரஸ், காவியின் ஜெர்சியை வாங்கி உயர்த்திக் காட்டினார். ஸ்பெயின் 3-1 என வென்றது. அந்த வெற்றி எனக்கு நினைவில் இல்லை. ஜெர்சிதான் நினைவில் இருக்கிறது.

மூன்று நாளைக்கு முன் சைப்ரஸுக்கு எதிராகவும் அவரை ஆடவைத்திருந்தார்கள். தசைநார் அறுந்ததற்கு அதுதான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இத்தகைய காயம் ஓய்வெடுத்த காலிலும் நேரலாம். ஆனால் தகுதி உறுதியான பிறகு 19 வயதுப் பையனுக்கு இரண்டு ஆட்டமும் எதற்கு என்ற கேள்வி என் மனதில் இன்னும் ஆறவில்லை.

காவி எப்போது திரும்பினார்?

பதினொரு மாதம் கழித்து, 2024 அக்டோபர் 20 அன்று, செவிய்யாவுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில். அப்போது அணித்தலைவருக்கான கைப்பட்டையை அணிந்திருந்த சக நடுக்கள வீரர் பெத்ரி, அதைக் கழற்றி உள்ளே வந்த காவியின் கையில் மாட்டிவிட்டார். அரங்கமே எழுந்து நின்றது. அதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதே முழங்காலின் மெனிஸ்கஸில் 2025 செப்டம்பரில் மீண்டும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று.

வீரர் காயம்பட்டால் பிஃபா கிளப்புக்குப் பணம் தருகிறதா?

தருகிறது, ஆனால் பலர் நினைப்பது போல அல்ல. இந்த உரிமை வந்த கதையே ஒரு காயத்தில்தான் தொடங்குகிறது. 2004 நவம்பரில் பெல்ஜியத்தின் ஷார்லெருவா கிளப்பின் ஆட்டக்காரர் அப்தெல்மஜீத் உல்மெர்ஸ், மொராக்கோ அணிக்காக ஒரு நட்பு ஆட்டத்தில் ஆடிக் கணுக்கால் தசைநார் அறுந்து, பல மாதம் படுத்துவிட்டார். சம்பளம் கொடுப்பது நாங்கள், உடைத்துத் தருவது நீங்களா என்று அந்தச் சிறிய கிளப் நீதிமன்றம் போனது. பார்சிலோனா உள்ளிட்ட பெரிய கிளப்புகளின் கூட்டமைப்பு பின்னால் நின்றது. 2008இல் சமரசம் ஏற்பட்டது. 2012 முதல் பிஃபா ஒரு காப்பீட்டுத் திட்டத்தையே நடத்தி வருகிறது.

திட்டத்தின் கணக்கு இது: தேசிய அணிக்குச் சென்ற இடத்தில் விபத்தாக நேர்ந்த காயத்தால் வீரர் தொடர்ந்து 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால், அதற்குப் பிறகான நாட்களுக்கு அவருடைய நிலையான சம்பளத்தைப் பிஃபா ஏற்கும். நாளொன்றுக்கு அதிகபட்சம் 20,548 யூரோ. ஓராண்டுக்கு மொத்தம் 75 லட்சம் யூரோவைத் தாண்டாது.

அந்த 28 நாள் என்ற எல்லையைக் கவனியுங்கள். காவியின் காயம் அதைத் தாண்டியது, இழப்பீட்டுக்கு உரியதாகியது. ஆனால் சர்வதேச இடைவெளியில் அன்றாடம் நேர்வது தொடைத் தசைப் பிடிப்பும் சிறு கிழிசலும்தான். அவை இரண்டு வாரம், மூன்று வாரத்தில் ஆறிவிடும். அத்தகைய காயத்துக்கு ஒரு பைசா கிடையாது. அந்த மூன்று வாரத்தில் கிளப் ஐந்து ஆட்டம் ஆடியிருக்கும். இழந்த புள்ளிகளுக்கோ, கைநழுவிய கோப்பைக்கோ, குறைந்துபோன வீரரின் சந்தை மதிப்புக்கோ இந்தத் திட்டத்தில் இடமே இல்லை.

பார்சிலோனாவின் இளம் முன்கள வீரர் லமின் யமால் விவகாரத்தில் யார் பக்கம் நியாயம்? ஸ்பெயினா, பார்சிலோனாவா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

2025 செப்டம்பரில் ஸ்பெயின் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பல்கேரியாவை 3-0 எனவும் துருக்கியை 6-0 எனவும் வென்றது. யமால் இரண்டு ஆட்டத்திலும் எழுபது நிமிடத்துக்கு மேல் களத்தில் இருந்தார். திரும்பி வந்தபோது இடுப்புக்குக் கீழே, கவட்டைப் பகுதியில் வலி. பார்சிலோனா பயிற்சியாளர் ஹான்சி ஃபிளிக் செய்தியாளர்கள் முன் வெளிப்படையாகவே கோபப்பட்டார். பையன் வலியோடுதான் போனான், வலி நிவாரணி கொடுத்து ஆடவைத்தார்கள், இரண்டு ஆட்டத்திலும் மூன்று கோல் முன்னிலை இருந்தது, இடையே பயிற்சிகூடச் செய்யவில்லை, வீரரைப் பார்த்துக்கொள்ளும் முறை இதுவல்ல என்பது அவர் பேச்சின் சாரம். ஸ்பெயின் பயிற்சியாளர் லூயிஸ் தெ லா ஃபுவென்தே அதை ஏற்கவில்லை. ஜெர்மனி தேசிய அணிக்கே பயிற்சியாளராக இருந்தவர் ஃபிளிக், எங்கள் நிலைமை அவருக்குப் புரியும் என்று நினைத்தேன் என்ற பொருளில் பதில் சொன்னார்.

யமால் பல ஆட்டங்களைத் தவறவிட்டார். மாதக் கடைசியில் திரும்பினார், பாரிஸ் அணிக்கு எதிராக ஆடினார், வலி மீண்டும் வந்தது, அக்டோபர் இடைவெளிக்கு ஸ்பெயின் பட்டியலில் பெயர் இருந்தும் போகவில்லை.

பிறகு நவம்பர் வந்தது. 10ஆம் தேதி திங்கள், ஸ்பெயின் முகாம் தொடங்கும் நாள். அன்று காலையில் பார்சிலோனா தரப்பில் யமாலுக்கு அந்த வலிக்காக ரேடியோ அலை சிகிச்சை அளிக்கப்பட்டது. ஸ்பெயின் சங்கம் வெளியிட்ட அறிக்கை கடுமையானது. சிகிச்சை நடந்ததே பிற்பகல் 1.47 மணிக்குத்தான் தெரிந்தது என்றும், ஏழு முதல் பத்து நாள் ஓய்வு வேண்டும் என்ற மருத்துவக் குறிப்பு இரவு 10.40 மணிக்குத்தான் வந்தது என்றும் நேரத்தோடு எழுதியிருந்தார்கள். அவரை முகாமிலிருந்து விடுவித்தார்கள்.

செப்டம்பரில் தவறு ஸ்பெயின் பக்கம் என்பேன். வலியோடு வந்த 18 வயது வீரர், ஆட்டம் கையில் இருக்கும்போது வெளியே அமர்ந்திருக்க வேண்டும். நவம்பரில் தவறு எங்கள் கிளப்பின் பக்கம். சிகிச்சை தேவையாக இருந்திருக்கலாம், அதை நான் சந்தேகிக்கவில்லை. அதை முந்தைய நாளே தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே. ஒரே உடலை இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்க்கின்றன. அந்த இரண்டும் பேசிக்கொள்வது செய்தியாளர் கூட்டத்திலும் அறிக்கையிலும்தான் என்றால் நடுவில் மாட்டிக்கொள்வது அந்தப் பையன். இவ்வளவு காலமாக இந்தக் காயங்களைப் பின்தொடர்ந்ததில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். களத்தில் முழங்கால் திரும்புவது விபத்து. முன்கூட்டியே தெரிந்த வலியை அடுத்தவரிடம் சொல்லாமல் விடுவது விபத்து அல்ல.

இந்தக் காயங்களால் பார்சிலோனா உண்மையிலேயே எதையாவது இழந்ததா, அல்லது சாக்கா?

2022 செப்டம்பரைப் பாருங்கள். ஒரே இடைவெளியில் உருகுவே அணிக்கு ஆடிய ரொனால்ட் அராவுஹோ, பிரான்ஸுக்கு ஆடிய ஜூல் குந்தே, நெதர்லாந்துக்கு ஆடிய மெம்பிஸ் டெபாய், ஃபிரெங்கி டி யோங் ஆகியோர் காயத்தோடு திரும்பினார்கள். அராவுஹோவின் தொடைத் தசைநாண் எலும்பிலிருந்தே பிரிந்திருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின்லாந்து போனார். நட்பு ஆட்டத்தில் வந்த காயம் அது, எதிரணி ஈரான்.

அக்டோபர் தொடக்கத்தில், ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில், மிலானில் இத்தாலிய அணியான இன்டரிடம் 0-1 தோல்வி. அந்த ஆட்டத்தில் இன்னொரு நடுத் தடுப்பாட்டக்காரர் கிறிஸ்டென்சனும் காயம்பட்டார். ஒரு வாரம் கழித்து அதே அணி சொந்த அரங்குக்கு வந்தபோது தடுப்பு வரிசையின் நடுவில் நின்றவர் 35 வயது ஜெரார்ட் பிக்கே. இரண்டாம் பாதியில் தன் பின்னால் விழப்போகும் பந்தை, போகட்டும் என்று கையை விரித்துக் காட்டி விட்டுவிட்டார். பின்னாலிருந்து ஓடிவந்த இன்டர் வீரர் பரெல்லா அதை நெஞ்சில் வாங்கி கோலாக்கினார். ஆட்டம் 3-3. பார்சிலோனா குழுநிலையோடு வெளியேறி, கீழ்நிலைப் போட்டியான யூரோப்பா லீக்குக்குப் போனது. அடுத்த மாதமே பிக்கே ஓய்வு பெற்றார்.

குந்தேவும் அராவுஹோவும் நின்றிருந்தால் முடிவு மாறியிருக்குமா? கண்டிப்பாக மாறியிருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. அதே குழுவில் ஜெர்மனியின் பயர்னும் இருந்தது, அவர்கள் எங்களை இரண்டு முறை அடித்தார்கள். ஆனால் அந்தக் கை விரிந்த நொடியில் அங்கே நிற்க வேண்டியவர் பிக்கே அல்ல என்பது எனக்கு உறுதி.

தென் அமெரிக்க வீரர்களுக்கு ஏன் கூடுதல் கவலை?

பயணம். பிரேசில், உருகுவே ஆட்டங்கள் அங்கே செவ்வாய் இரவில் நடக்கும். ஸ்பெயினில் அப்போது புதன் விடியற்காலை. பிறகு அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிப் பத்து மணி நேரத்துக்கு மேல் விமானம். ஒரு நாள் தூக்கம், ஒரு நாள் லேசான பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். மேலே சொன்ன ஒசாசுனா ஆட்டம் வியாழன் இரவு நடந்தது. பிரேசிலுக்கும் உருகுவேக்கும் செவ்வாயன்று ஆட்டம் இருந்ததால், பிரேசில் வீரர் ரஃபீன்யா, உருகுவேயின் அராவுஹோ இருவரையும் சேர்க்கவே முடியவில்லை. இடைவெளியிலிருந்து வந்த அணியை இரண்டே நாளில் களமிறக்கிய அந்த ஆட்டத்தில்தான் எங்கள் நடுக்கள வீரர் தானி ஓல்மோ பெனால்டியில் கோல் அடித்த சற்று நேரத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்.

ஓய்வில்லாமல் ஆடுவதுதான் காரணம் என்கிறார்களே?

பெத்ரியை நினைத்துப் பாருங்கள். 2020-21 பருவத்தில் கிளப், யூரோ, டோக்கியோ ஒலிம்பிக் என்று 73 ஆட்டம் ஆடினார். வயது 18. ஒலிம்பிக் இறுதி ஆட்டம் 2021 ஆகஸ்ட் 7 அன்று. அடுத்த வாரமே லீக் தொடங்கியது. செப்டம்பரில் தொடைத் தசை போனது, அந்தப் பருவத்தில் பாதி நாள் ஆடவில்லை. ஒலிம்பிக்குக்கு வீரர்களை விடுவிக்கும்படி பிஃபா விதி கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் ஸ்பெயினின் விளையாட்டுச் சட்டம் தேசிய அழைப்பை ஏற்கச் சொல்கிறது. சட்டம் சரி, அழைத்தவர்களுக்குக் கொஞ்சம் கருணை இருந்திருக்கலாம்.

கிளப்பின் மருத்துவ அறிக்கையை எப்படிப் படிப்பது?

முதல் அறிக்கையை நம்பி மகிழவும் வேண்டாம், அழவும் வேண்டாம். காயம்பட்ட உடனே வீக்கமும் இரத்தக் கசிவும் இருப்பதால் கிழிசல் எவ்வளவு என்பது ஓரிரு நாள் கழித்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். "அசௌகரியம்" என்று இருந்தால் தசை கிழியவில்லை என்று பொதுவாகக் கொள்ளலாம். தசையின் பெயரைக் குறிப்பிட்டு "காயம்" என்றால் சில வாரம். தசைநாண் என்ற சொல் வந்தால் நீண்ட காலம் காத்திருக்கத் தயாராகுங்கள். நடுத்தசைக் கிழிசலைவிட நாண் ஆறுவது மெதுவாகத்தான் நடக்கும். கால அளவே சொல்லாமல், குணமாகும் வேகத்தைப் பொறுத்து ஆடுவார் என்ற ஒற்றை வரியோடு முடிப்பது பார்சிலோனாவின் வழக்கம். அந்த வரியில் நல்ல செய்தியும் இல்லை, கெட்ட செய்தியும் இல்லை.

காயம்பட்டவருக்குப் பதில் புதியவரைச் சேர்க்கலாமா?

ஸ்பெயின் லீக்கின் சம்பள உச்சவரம்பு விதியில் ஒரு வழி உண்டு. நீண்ட காலக் காயம் என்று உறுதியானால் அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதியை இன்னொருவரைப் பதிவுசெய்யப் பயன்படுத்தலாம். காவி படுத்திருந்தபோது 2024 ஜனவரியில் பிரேசில் முன்கள வீரர் விட்டோர் ரோக்கே அப்படித்தான் பதிவானார்.

கிளப் ஆட்டத்தில் காயமே வருவதில்லையா?

வருகிறது, அதிகமாகவே வருகிறது. எங்கள் இளம் நடுக்கள வீரர் மார்க் பெர்னாலின் முழங்கால் 2024 ஆகஸ்டில் லீக் ஆட்டத்தில் போனது. அடுத்த மாதம் கோல்காப்பாளர் டெர் ஸ்டெகனின் முழங்கால் தசைநாண் வில்லார்ரியல் அரங்கில் அறுந்தது. ஆண்டு முழுக்க கிளப்புக்காக ஆடி, பயிற்சி செய்து, பறந்து களைத்த கால்களைத்தான் தேசிய அணி வாங்கிக்கொள்கிறது. ஓய்வுக்கு விட வேண்டிய கோடையில் ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வருமானத்துக்காக அணியை அழைத்துப்போவது கிளப்தான். தேசிய அணியை மட்டும் திட்டுபவர்கள் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இனிமேல் ஏதாவது மாறுமா?

2026 முதல் செப்டம்பர், அக்டோபர் இடைவெளிகள் இரண்டையும் இணைத்து, 16 நாள், நான்கு ஆட்டம் என ஒரே நீண்ட இடைவெளியாக்குகிறது பிஃபா. ரஃபீன்யா போன்றவர்களுக்குக் கடல்தாண்டிய பயணம் ஒன்று குறைகிறது. லீக் இலையுதிர்காலத்தில் ஒரு முறை குறைவாகத் துண்டாகும். அது நல்லது. ஆனால் முதல் ஆட்டத்திலேயே லேசாக வலிக்கத் தொடங்கும் வீரர், அதற்குப் பிறகும் இரண்டு வாரம் தன் கிளப் மருத்துவரின் கண்ணில் படாமல் இன்னும் மூன்று ஆட்டங்களுக்கான முகாமிலேயே இருப்பார். அந்த இரண்டு வாரத்தில் தினமும் ஒரு தொலைபேசி அழைப்பு போக வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதப்படவில்லை.